திராட்சை மலைக்கு அந்தப் பக்கம், நிலவறை இந்தப் பக்கம்

கேள்வி: லெபனானில் மலைமேல் ஒரு குடும்பம் 1930 முதல் ஒயின் செய்து வருகிறது, உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன். அரபு நாட்டில் ஒயினா? போருக்கு நடுவில் எப்படிச் செய்தார்கள்? அந்த ஒயினில் அப்படி என்ன விசேஷம்?

நீங்கள் கேட்பது ஷாத்தோ மூசார் என்ற ஒயின் ஆலையைப் பற்றி. நடத்துவது ஹோஷார் குடும்பம், இப்போது மூன்றாம் தலைமுறை. வளைகுடாவில் ஒரு ஹோட்டலின் ஒயின் நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மூசார் பாட்டில்களை நிறையத் திறந்திருக்கிறேன், ஊற்றியிருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஒயின் இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

முதலில் லெபனான் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே மத்தியதரைக் கடல். கரையை விட்டு நகர்ந்ததுமே லெபனான் மலை எழுந்து நிற்கும். மலையைத் தாண்டினால் பெக்கா. பள்ளத்தாக்கு என்று பெயர்தான், அதுவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெக்காவுக்குக் கிழக்கே இன்னொரு மலைத்தொடர், அதற்கு அந்தப் பக்கம் சிரியா. மூசாரின் சிவப்புத் திராட்சை விளைவது பெக்காவில், கெஃப்ராயா, ஆனா என்ற இரண்டு ஊர்களின் பக்கம். ஆனால் பழத்தைப் பிழிந்து ஒயினாக்கும் இடமோ கஸீர் என்ற ஊர். அது பெய்ரூட்டுக்கு வடக்கே, ஜூனியே விரிகுடாவைப் பார்த்தபடி கடல் பக்கத்து மலைச்சரிவில் இருக்கிறது. நடுவில் முழு மலை. பெய்ரூட் டமாஸ்கஸ் நெடுஞ்சாலையில் தாஹர் எல் பைதர் கணவாய் 1,500 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. பறித்த பழம் அந்த மாதிரி ஏற்றத்தைக் கடந்துதான் தொட்டிக்கு வந்தாக வேண்டும்.

ஒயின் தொழில் தெரிந்த யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். திராட்சையைப் பறித்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் நிலவறையைத் தோட்டத்தை ஒட்டியே கட்டுவதுதான் வழக்கம். ஹோஷார் குடும்பம் ஏன் மலைக்கு இந்தப் பக்கம் கட்டியது? நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

காஸ்தோன் ஹோஷார் ஒயினுக்குப் பேர்போன பிரான்ஸின் போர்தோவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஆலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. அப்போது லெபனான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பெக்காவை லெபனானோடு சேர்த்து பிரெஞ்சுக்காரர்கள் எல்லை வகுத்தது 1920-இல். பத்து வருடம் ஆகியும் அந்த எல்லை நிலைக்குமா, பெக்கா நாளைக்கு சிரியாவோடு போய்விடுமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. தோட்டம் எல்லைக்கு அப்பால் போனாலும் பழத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நிலவறையும் அதற்குள் இருக்கும் ஒயினும் போய்விட்டால் எல்லாமே போச்சு. ஆகவே கஸீரில் இருந்த 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை வீடு ஒன்றின் அடியில் நிலவறையை அமைத்தார். அந்த இடத்துக்கு அரபியில் ம்ஸார் என்று பெயர். அதுதான் மூசார் ஆனது.

சரி, அரபு நாட்டில் ஒயினா என்று கேட்டீர்களே. இந்தக் கேள்வியை ஹோட்டலில் வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது என்னிடம் கேட்பார்கள். லெபனானில் கிறிஸ்தவர்கள் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள், அங்கே மதுவுக்குத் தடை கிடையாது என்பது சுருக்கமான பதில். ஆனால் உண்மையான பதில் இதைவிடப் பெரியது. ஒயின் அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த பொருள் கிடையாது. ஒயினை மத்தியதரைக் கடல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களே அந்தக் கரையில் வாழ்ந்த பினீசியர்கள்தான்.

விவிலியம் படித்தவர்களுக்குத் தீரு, சீதோன் என்ற பெயர்கள் நன்றாகத் தெரிந்திருக்கும். இரண்டும் பினீசியத் துறைமுகங்கள், இன்றும் லெபனானில் உள்ள ஊர்கள். ஓசியா தீர்க்கதரிசி ஒரு மக்களின் நற்பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் லீபனோன் திராட்சரசத்தின் வாசனையைத்தான் உவமையாக எடுத்தார். சீதோனுக்குத் தெற்கே தெல் எல் புராக் என்ற மேட்டில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திராட்சை மிதிக்கும் களம் ஒன்றைத் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். ஆய்வு 2020-இல் வெளியானது. சாறு வந்து விழும் தொட்டி சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். சுண்ணாம்போடு உடைத்த பானை ஓட்டைக் கலந்து, நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி போட்டுப் பூசிய மாதிரி, ஒரு சொட்டு ஒழுகாமல் பூசியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு எதற்கு 4,500 லிட்டர்? விற்கத்தான் செய்திருக்கிறார்கள். இன்றைய இஸ்ரேலின் அஷ்கெலோன் கடற்பகுதியில் ஆழத்தில் கிடந்த கி.மு. 8-ஆம் நூற்றாண்டுப் பினீசியக் கப்பல்கள் இரண்டை 1999-இல் ஆராய்ந்தபோது ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான ஒயின் ஜாடிகள் அடுக்கியபடியே இருந்தன.

அந்த ஜாடிக்கும் நமக்கும்கூட ஒரு சொந்தம் உண்டு. யவனர் கப்பலில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பற்றிச் சங்கப் பாடல் பேசுகிறது. அந்த மாதிரி மது வந்த இரு கைப்பிடி ஜாடிகளின் உடைசல் அரிக்கமேட்டில் கிடைத்தது. ரோமானியர்களின் அந்த ஜாடிக்கு மூதாதை, லெபனான் கரையும் அதன் தெற்கும் சேர்ந்த கானான் நாட்டில் உருவான ஜாடிதான்.

பெக்காவிலேயே பால்பெக்கில் ரோமானியர்கள் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. மதுவின் தெய்வமான பாக்கஸ் பெயரால் அதைச் சொல்கிறார்கள். வாசல் நிலைக்கல்லில் திராட்சைக் கொடியும் குலையும் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். இஸ்லாமிய ஆட்சி வந்தபின் ஒயின் சுருங்கியது, ஆனால் அறுந்துபோகவில்லை. மலைக்கிராமத்துக் கிறிஸ்தவர்கள் பூசைக்கும் வீட்டுக்கும் செய்துகொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியமாக, அரக் காய்ச்சினார்கள். சோம்பு சேர்த்துக் காய்ச்சி வடிக்கும் திராட்சைச் சாராயம் அது. தண்ணீர் விட்டால் பாலாக வெளுக்கும். அரக்குக்காக வளர்த்ததால்தான் ஒபைதே, மெர்வா என்ற இரண்டு உள்ளூர் வெள்ளைத் திராட்சைகள் அழியாமல் தப்பின. இவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். 1857-இல் ஸாஹ்லே நகரத்துக்குப் பக்கத்தில் க்ஸாரா என்ற இடத்தில் இயேசு சபைத் துறவிகள் அல்ஜீரியாவிலிருந்து சின்சோ என்ற சிவப்புத் திராட்சையைக் கொண்டுவந்து நட்டார்கள். லெபனானில் இன்று நாம் அறிந்த வகை ஒயின் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது மூசாருக்கே வருகிறேன். காஸ்தோன் ஆலையைத் தொடங்கினார், ஆனால் அதற்கு இன்றைய முகத்தைக் கொடுத்தவர் மூத்த மகன் செர்ஜ். இரண்டாம் உலகப் போரின்போது லெபனானில் பணியில் இருந்த ரொனால்ட் பார்ட்டன், போர்தோவின் லாங்கோவா பார்ட்டன் ஆலையைச் சேர்ந்தவர். அவர் காஸ்தோனுக்கு நெருங்கிய நண்பரானார். அவர் நினைவாகத்தான் இரண்டாவது மகனுக்கு ரொனால்ட் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் ரொனால்ட் கணக்கு வழக்கையும் விற்பனையையும் பார்த்துக்கொள்ள, அண்ணன் செர்ஜ் ஒயினைப் பார்த்துக்கொண்டார்.

செர்ஜ் முதலில் படித்தது கட்டடப் பொறியியல். 1959-இல், தந்தை ஆலை தொடங்கிய அதே வயதில், ஒயின் செய்யும் பொறுப்பைக் கேட்டார். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். நான் என் வழியில் செய்வேன், நீங்கள் தலையிடக் கூடாது. அப்பாவிடம் இப்படிச் சொல்லுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று குடும்பத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். அதைக் கேட்டு விலகி நிற்க அந்த அப்பாவுக்கு அதைவிடப் பெரிய மனது வேண்டும். அப்புறம் செர்ஜ் போர்தோ பல்கலைக்கழகத்துக்குப் போய் எமில் பெய்னோ போன்ற பெரியவர்களிடம் ஒயின் அறிவியல் படித்தார். படித்துவிட்டு வந்து, படித்ததில் பாதியை வேண்டாம் என்று ஒதுக்கினார். அந்தக் காலத்தில் பாக்கெட் ஈஸ்ட், ரசாயனம், வடிகட்டி என்று தொழில் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, பழத்தின் தோலிலேயே இருக்கும் ஈஸ்ட் போதும், ஒயினை முடிந்தவரை அதன் போக்கில் விடுவோம் என்றார். தோசை மாவு தானாகப் புளிப்பது போலத்தான். யாரும் அதில் ஈஸ்ட் போடுவதில்லை, ஆனால் எல்லா வீட்டு மாவும் ஒரே மாதிரி புளிப்பதும் இல்லை.

சிவப்பு ஒயினை அவர்கள் செய்யும் முறை இது. கபர்னே சொவிஞோன், சின்சோ, கரிஞான் என்று மூன்று வகைத் திராட்சை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிமெண்ட் தொட்டியில் நொதிக்கும். தொட்டியில் சில மாதம், பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஒரு வருடம். இரண்டாம் வருட முடிவில் மூன்றையும் கலப்பார்கள். மறுபடி சிமெண்ட் தொட்டிக்குப் போகும். மூன்றாம் வருடம் முடியும்போது வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார்கள். அதற்கு மேலும் நான்கு வருடம் கஸீர் நிலவறை இருட்டில் படுத்திருக்கும். ஆக, பழம் பறித்து ஏழாம் வருடம்தான் கடைக்கு வரும். போர்தோவின் பெரிய ஆலைகளில் பெரும்பாலானவைகூட இவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை. கலவையின் அளவும் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு வருடம் கபர்னே தூக்கலாக இருக்கும், இன்னொரு வருடம் சின்சோ முன்னால் நிற்கும். அந்த வருடம் எப்படி இருந்ததோ ஒயினும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த ஏழு வருடக் காத்திருப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போர் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

1975-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1990 வரை பதினைந்து வருடம் நடந்தது. மதவாரியாகவும் கட்சிவாரியாகவும் படைகள், சிரிய ராணுவம், 1982 முதல் இஸ்ரேலிய ராணுவம் என்று நாடு துண்டு துண்டாகியது. அப்போது அந்த மலை யாருக்கும் வெறும் மலையாக இருக்கவில்லை. பெக்காவில் ஒரு படை, கணவாயில் ஒரு படை, கடற்கரையில் வேறு படை. 1930-இல் எல்லைக்குப் பயந்து காஸ்தோன் எடுத்த முடிவு, 45 வருடம் கழித்து மகனுடைய பழத்தை ஒவ்வொரு வருடமும் சண்டைக் கோட்டைத் தாண்டிவர வைத்தது.

அதை ஒரு லாரிக்காரர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். விடிவதற்கு முன் பெதூயின் என்ற நாடோடி அரபுக் குடும்பங்கள் தோட்டத்தில் இறங்கிக் குலை குலையாகக் கையால் அறுக்கிறார்கள். லாரி நிறைகிறது. மேலே இருக்கும் பெட்டியின் பாரத்தில் கீழே இருக்கும் பழம் நசுங்கி, சாறு கசிய ஆரம்பிக்கும். தோலில் இருக்கும் ஈஸ்டுக்கு அது போதும், வேலையைத் தொடங்கிவிடும். அமைதிக் காலமாக இருந்தால் சில மணி நேரத்தில் கஸீர். போர்க்காலத்தில் சாவடிக்குச் சாவடி நிறுத்துவார்கள். யாருடைய பழம், எங்கே போகிறது, நீ எந்த ஊர், எந்த மதம். எதிரே குண்டு விழுந்தால் நாள் முழுக்க ஓரமாக நிற்க வேண்டும். வெயில் ஏற ஏற லாரிக்குள் வாசனை மாறும். இனிப்பு குறைந்து, புளித்த மாவு வாசனை வந்து, அதற்கும் மேலே போனால் வினிகர் மூக்கில் ஏறும். அந்த வாசனை எந்த இடத்தில் இருக்கும்போது லாரி கஸீரை அடைகிறது என்பதை வைத்துத்தான் அந்த வருடத்து ஒயினின் தலையெழுத்து.

1976-இல் ஒயினே இல்லை. பழத்தைக் கொண்டுவர வழியே இருக்கவில்லை. 1983 செப்டம்பரில், சரியாகப் பழம் பறிக்கும் காலத்தில், பெய்ரூட்டுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் உள்ள மலையில் பெரும் சண்டை வெடித்தது. அந்த வருடம் எப்படியோ பழம் வந்து சேர்ந்தது, ஒயினும் ஆனது. 1984-இல் லாரிகள் சுற்று வழியில் பல நாள் அலைந்து, பழம் வழியிலேயே நொதித்து வந்து சேர்ந்தது. செர்ஜ் அதையும் ஒயினாக்கினார், ஆனால் விற்பனைக்கு விடவில்லை. பதினைந்து வருடப் போரில் கடைக்கு வராமல் போனது இந்த இரண்டு வருடத்து ஒயின் மட்டும்தான். கஸீர் நிலவறையும் சும்மா இருக்கவில்லை. குண்டு விழுந்த நாள்களில் ஊர்க்காரர்கள் அங்கேதான் பதுங்கினார்கள், பீப்பாய்களுக்கும் பாட்டில் அடுக்குகளுக்கும் நடுவில்.

செர்ஜ் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு மறக்கவே மறக்காது. போர்க்காலத்தில் ஓர் இரவு பெய்ரூட்டில் அவர் இருந்த பகுதியில் குண்டு விழுந்துகொண்டிருக்க, மற்றவர்கள் கீழே பதுங்கப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. 1972-ஆம் வருடத்து மூசார் ஒன்றைத் திறந்து, ஒரு பெரிய கோப்பையில் ஊற்றிக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே அந்த ஒயின் மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை வீரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவு வாசலில் நிற்கும்போது தன் கைக்குத் தெரிந்த ஒரே வேலையை இறுகப் பிடித்துக்கொண்ட மனிதரைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

அப்படியானால் வியாபாரம்? போருக்கு முன் மூசாரின் பெரும்பகுதி லெபனானுக்குள்ளேயே விற்றது. போர் வந்ததும் அந்தச் சந்தை செத்துவிட்டது. 1979-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்த ஒயின் கண்காட்சிக்கு பாட்டில்களைக் கொண்டுபோனார்கள். கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் ஒயின் பிரிவை நடத்திய மைக்கேல் பிராட்பென்ட் அங்கே 1967 மூசாரைச் சுவைத்துவிட்டு, இந்தக் கண்காட்சியின் கண்டுபிடிப்பு இதுதான் என்று எல்லாரிடமும் சொன்னார். அத்தோடு பிரிட்டன் கதவு திறந்தது. 1984-இல், அதாவது பழம் லாரியிலேயே நொதித்துப்போன அதே வருடம், டிகான்டர் என்ற பிரிட்டிஷ் ஒயின் இதழ் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதை முதன்முதலாகக் கொடுக்கத் தொடங்கியபோது அதைப் பெற்றவர் செர்ஜ் ஹோஷார்.

இங்கேதான் அந்த ஏழு வருடம் வருகிறது. இது என் சொந்தக் கணிப்பு, ஆனால் நிலவறைக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்வேன். ஏழாம் வருடம்தான் விற்பேன் என்று இருக்கும் ஆலையின் நிலவறையில் எப்போதும் ஏழு வருடத்து ஒயின் இருக்கும். ஒரு வருடம் பழம் வராமல் போனால் அதன் அடி உடனே விழாது. 1976-இல் பழம் இல்லை, ஆனால் அன்றைக்கு விற்க 1960-களின் ஒயின் அடுக்கில் இருந்தது. நேற்றுப் பறித்ததை இன்று விற்றுப் பிழைக்கும் ஆலையாக இருந்திருந்தால் அந்தப் போரில் மூன்றாம் வருடமே பூட்டியிருப்பார்கள். செர்ஜ் ஒயினுக்கு நல்லது என்று வைத்த பொறுமை, குடும்பத்துக்கே சேமிப்புக் கிடங்காக அமைந்தது.

ஒயினில் என்ன விசேஷம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஹோட்டலில் நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒரு மேசைக்கு மூசார் கேட்டார்கள். அடுக்கில் படுத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய் அப்படியே திறந்து ஊற்றிவிட்டேன். விருந்தினர் ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார். கோப்பையில் மண்டி மிதந்தது. மூக்கில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி. எனக்கு அன்று மிகவும் அவமானமாக இருந்தது. பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டேன். வேலை முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, என்னதான் ஆனது என்று ஒரு கோப்பை ஊற்றிப் பார்த்தேன். நெடி போயிருந்தது. உலர்ந்த அத்திப்பழம், ஏலக்காய், பழைய தோல் பை, ஈரமான கேதுரு மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அந்த விருந்தினர் குடித்ததும் நான் குடித்ததும் ஒரே பாட்டில் என்று நம்ப முடியவில்லை. தவறு முழுக்க என் கையில் நடந்தது.

அந்த நெடியை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒயினில் ஓரளவு வினிகர் அமிலம் ஏறியிருப்பதன் அடையாளம் அது. பாடப்புத்தகத்தில் அதற்குக் குறை என்றுதான் பெயர். மூசாரின் பல வருடங்களில் அது உண்டு, சில வருடங்களில் கூடுதலாகவே உண்டு. இதற்காகவே மூசாரை ஒதுக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் பக்கம் இதுதான்: அளவோடு இருக்கும்போது அந்தக் கூர்மை மற்ற வாசனைகளை உயரத் தூக்கிப் பிடிக்கிறது, ரசத்தில் புளி செய்கிற வேலை மாதிரி. அளவு மீறிய பாட்டிலும் எனக்குக் கிடைத்திருக்கிறது. தலையிடாமல் செய்கிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஒயினை நான் பரிந்துரைப்பதில்லை.

வெள்ளை ஒயின்தான் உண்மையில் இன்னும் அபூர்வம். சிவப்பில் இருப்பவை பிரான்ஸிலிருந்தும் அல்ஜீரியா வழியாகவும் வந்த வகைகள். வெள்ளையில் இருப்பவை நான் முன்பு சொன்ன ஒபைதேயும் மெர்வாவும், லெபனான் மண்ணுக்கே உரியவை. இவை விளைவது பெக்காவின் தரையில் கிடையாது, இரண்டு மலைத்தொடர்களின் சரிவில், சுமார் 1,200 மீட்டருக்கும் மேலே. கொடிகள் மிகவும் வயதானவை. ஐரோப்பாவின் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பூச்சிக்குப் பயந்து உலகின் பெரும்பாலான இடங்களில் திராட்சையை அமெரிக்க வேர்மேல் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். இந்தக் கொடிகள் ஒட்டு இல்லாமல் தங்கள் சொந்த வேரில் நிற்கின்றன. ஒபைதேதான் ஷார்டனே என்ற புகழ்பெற்ற வெள்ளைத் திராட்சையின் மூதாதை என்று குடும்பத்தில் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். மரபணுச் சோதனை அதை ஆதரிக்கவில்லை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. அது இன்னொரு திராட்சையின் பாட்டியாக இருந்துதான் பெருமை பெற வேண்டும் என்பதில்லையே. வயதான மூசார் வெள்ளை பொன்னிறத்தில், தேனும் வறுத்த கொட்டையும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணத்தோடு, சிவப்பைவிடக் கனமாக இருக்கும்.

செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று, குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்த மெக்சிகோவின் அகபுல்கோவில் கடலில் நீந்தும்போது இறந்தார். வயது 75. இப்போது அவர் மகன்கள் காஸ்தோனும் மார்க்கும், ரொனால்டின் மகன் ரால்ஃபும் ஆலையைப் பார்க்கிறார்கள். தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள், நம் வீடுகளில் நடப்பதுதான். ஒயின் செய்யும் பொறுப்பு 1991 முதல் தாரெக் சக்ர் என்பவரிடம். குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்தவர், ஆனால் செர்ஜோடு இருபது வருடத்துக்கு மேல் தோளோடு தோள் நின்றவர். தோட்டங்களுக்கு 2006-இல் இயற்கை வேளாண்மைச் சான்று வாங்கினார்கள், லெபனானில் அதுதான் முதல். போர் முடிந்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒயின் ஆலைகளே இருந்த நாட்டில் இன்று ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. அதற்கு மூசார் போட்ட பாதை பெரிய காரணம்.

கஷ்டம் மட்டும் விடவில்லை. 2006 போரில் பெக்காவின் தானாயெலில் இருந்த கண்ணாடி ஆலை குண்டுவீச்சில் அழிந்தது. 2019 முதல் வங்கிகள் முடங்கி, மக்கள் போட்ட பணத்தையே எடுக்க முடியாமல் ஆனது. கார்க்கையும் பாட்டிலையும் டாலர் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய தொழிலுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியது. 2024 இலையுதிர் காலத்தில் பெக்கா மறுபடியும் வான்தாக்குதலுக்கு உள்ளானது. இத்தனைக்கும் பிறகும் பழம் இன்னும் பெக்காவிலிருந்து மலையேறித்தான் கஸீருக்கு வருகிறது.

எங்காவது ஒரு பாட்டில் கிடைத்தால் என் மாதிரிச் செய்துவிடாதீர்கள். முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் படியட்டும். பழைய பாட்டில் என்றால் கார்க் மாவாக உதிரும், மெதுவாகத் திருகுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியோ செல்போன் விளக்கோ வைத்துக்கொண்டு, அகலமான கண்ணாடி ஜாடியில் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றுங்கள். மண்டி கழுத்துக்கு வரும்போது வெளிச்சத்தில் கருப்பாகத் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். வெள்ளையும் கையில் இருந்தால் அதை ஐஸில் புதைக்க வேண்டாம், 15 டிகிரி போதும். செர்ஜ் மேசையில் செய்தது போல, சிவப்பை முதலில் குடித்துவிட்டு வெள்ளையைக் கடைசியில் ஊற்றுங்கள்.